வலப்பக்கத்து முக்காலி

“போ,” என்கிறார். பாதம் மிதியை அழுத்துகிறது. மோட்டார் முனகிக்கொண்டே துணியை இழுக்கிறது. “மெதுவா, மெதுவா.” பாதம் தளர்கிறது. “நில்லு.” ஊசி துணிக்குள் இறங்கி நிற்கிறது. அறையில் வேறு யாரும் இல்லை. சொல்கிறவரும் அவரே, கேட்டு நடப்பதும் அவருடைய காலே.

தெருவில் எல்லாருக்கும் அவர் டெய்லரக்கா. முதன்முறை துணி கொண்டு வருகிறவர்கள், உள்ளே யாரோ குழந்தைக்கு நடை பழக்குகிறார்கள் என்று எண்ணி வாசலிலேயே தயங்குவார்கள். அவருடைய கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தாமல், “உள்ள போங்க. அவ மெஷின்கிட்டதான் பேசுறா. எங்கிட்ட பேசுறதைவிட அதுகிட்ட மரியாதை ஜாஸ்தி,” என்பார்.

குளிக்கும் நேரம் தவிர அளவுநாடா கழுத்தைவிட்டு இறங்காது. துணியை வெட்டுமுன் முகர்ந்து பார்ப்பார். “தண்ணியே பார்க்காத துணி இது. நனைச்சுக் காயவச்சு எடுத்துட்டு வாங்க. இல்லன்னா முதல் சலவையில உங்க பேத்திக்குத்தான் சரியா இருக்கும்.” ஊசிமுனை மழுங்கியிருப்பதை ஓசையிலேயே கண்டுபிடித்துவிடுவார். இவ்வளவும் எந்தத் தையல்காரரிடமும் இருக்கக்கூடியவை. முக்காலிதான் அவருக்கே உரியது.

இயந்திரத்தின் வலப்பக்கம், சக்கரத்துக்கு அருகில், உயரம் குறைந்த ஒரு மர முக்காலி. அறை முழுவதும் துணி மலையாகக் குவிந்திருக்கும். ஜன்னல் விளிம்பில் நூற்கண்டுகள், கட்டிலில் வெட்டிய கைப்பகுதிகள், கதவின் பின்னால் பாதி முடிந்த கவுன்கள். முக்காலியின் மேல் மட்டும் ஒரு நூலிழை கிடக்காது. அறியாமல் யாராவது பையை வைத்துவிட்டால், “அதுல வைக்காதீங்க. ஆள் உட்கார்ற இடம்,” என்பார்.

“அக்கா, யாரு உட்காருவாங்க?”

“உட்கார்றவங்க உட்காருவாங்க. நீங்க கையைத் தூக்குங்க, தோள் அளவெடுக்கணும்.”

பிற்பகலில் வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து, பஞ்சுத் துகள்கள் ஒளியில் மிதக்கும் வேளையில், அவர் சில சமயம் தைப்பதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். அப்போது அவருடைய வலக்காதில் வேறொரு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அது கையால் சுற்றும் இயந்திரம். வீடு மாற்றிப் போன பக்கத்து வீட்டுக்காரர்கள், கனம் தாங்காது என்று அம்மாவிடம் விட்டுப்போனது. போர்வையில் சுற்றி, உறங்கும் பிள்ளையைப் போல இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கறுத்த உடம்பு, அதில் பொன்னிறப் பூக்கள். யாருடைய உள்ளங்கையோ ஓயாமல் பட்ட இடத்தில் மட்டும் பூக்கள் உதிர்ந்திருந்தன. அப்பா சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, “விரலைத் தைச்சுக்காத வரைக்கும் இது உங்களுது,” என்றார்.

வலக்கை கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இடக்கை ஒன்றே துணியை நடத்த வேண்டும். அப்போது பன்னிரண்டு வயதான டெய்லரக்காவின் இடக்கைக்கு அது வசப்படவில்லை. கோடு வளைந்து வளைந்து துணியைவிட்டே இறங்கிப்போனது. ஒன்பது வயதுத் தங்கை வலப்பக்கம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நான் சுத்துறேன், நீ பிடி,” என்றாள். அக்காளுக்கு இரண்டு கையும் துணிக்குக் கிடைத்தன. அப்பா அன்றே பெயர் வைத்துவிட்டார்: பெரியவள் ஊசி, சின்னவள் சக்கரம்.

முதலில் நூல் இல்லாமல் பழைய செய்தித்தாளில் ஓட்டிப் பழகினார்கள். வெற்று ஊசி வரிசையாகத் துளையிட்டுக்கொண்டு போகும். தாளை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், துளை ஒவ்வொன்றிலும் வெளிச்சம் நுழைந்து தங்கையின் கன்னத்தில் புள்ளிப் புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்த நாளில்தான் அம்மா நூல் கொடுத்தாள்.

சக்கரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தெருவில் நாய் போனாலும் திரும்பிப் பார்க்கும்; கை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

“வேடிக்கை பார்க்காதடி. நில்லுன்னு சொன்னா நிக்கணும்.”

“அப்ப நீயே சுத்திக்கோ.”

“சரி, சுத்துடி.”

“கெஞ்சிக் கேளு.”

கெஞ்சாமல் ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை.

முழுதாகத் தைத்த முதல் பொருள் ஒரு தலையணை உறை. நேராக ஓட்டிக்கொண்டு வந்து, மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புக்காலைத் தூக்கி, துணியைத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டுவது. அந்தத் திருப்பம் இருவருக்கும் கிறுகிறுப்பாக இருந்தது. ஒரு மூலை, இன்னொரு மூலை, இன்னும் ஒன்று. தைத்து முடித்து அம்மாவிடம் ஓடினார்கள். அம்மா தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்கு பக்கமும் மூடியிருந்தது. “ரொம்ப அழகா இருக்கு. தலையணை எந்த வழியா உள்ள போகணும், அதையும் சொல்லிடுங்க,” என்றாள்.

போகப்போகப் பேச்சே தேவைப்படாமல் போயிற்று. மூலை வருவதைத் தங்கையின் கை தானே அறிந்து நின்றது. தெருவே இருவரிடமும் துணி கொடுத்தது. பிறகு கல்யாணங்கள், பிள்ளைகள், அடுத்தடுத்த தெருக்களில் வீடுகள். வேலை பெருகியதும் மோட்டார் வைத்த இயந்திரம் வந்தது. பார்க்க வந்தவர்கள் நடுவே டெய்லரக்கா மிதியை ஒரு அழுத்து அழுத்திக் காட்டி, “இனிமே யாரையும் கெஞ்ச வேண்டாம். இது வேடிக்கையும் பார்க்காது, வாயும் பேசாது,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள்.

அதன்பின் அவள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. மருந்துக்கடை வேலை முடிந்ததும் தினமும் வருவாள். அடுக்களையில் தேநீர் போடுவாள். திறந்த கதவு வழியாக ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். கதவு நிலையை மட்டும் தாண்டமாட்டாள். போட்டுக்கொள்வதெல்லாம் கடையில் தொங்கும் ரெடிமேடு. ஒரு நாள் அவள் தோளில் பிரிந்து தொங்கிய நூலை டெய்லரக்கா பின்னாலிருந்து சத்தமில்லாமல் கத்தரித்துவிட்டார். தங்கை திரும்பிப் பார்த்தாள், தேநீரைக் குடித்தாள். மோட்டாரிடம் ‘போ’, ‘நில்லு’ என்று பேச ஆரம்பித்தது எப்போது என்று கேட்டால் டெய்லரக்காவுக்குத் தெரியாது. முக்காலியைத் துடைக்க ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான்.

போன வாரம் தங்கையின் மகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தங்கையும் அவனோடு போகிறாள். புறப்படும் நாளன்று அடுக்களை மேஜைமேல் மடித்த துணி ஒன்றை வைத்து, “புது வீட்டுக்கு ஒரு தலையணை உறை. சாயங்காலம் வண்டி வர்றதுக்குள்ள முடியுமா?” என்றாள். பிறகு, “நாலு பக்கமும் மூடிடாத,” என்றாள்.

திறந்திருக்க வேண்டிய பக்கத்தின் ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டு, மற்ற மூன்றையும் மூட உட்கார்ந்தபோது மின்சாரம் போனது. மோட்டார் அடங்கியது. டெய்லரக்கா வலக்கையால் சக்கரத்தைத் திருகிப் பார்த்தார். இடக்கையில் துணி நிற்கவில்லை. பன்னிரண்டு வயதில் வளைந்த அதே வளைவு வளைந்தது. பிரித்தார். மறுபடி திருகினார். மறுபடி வளைந்தது. அடுக்களையில் கோப்பைகளின் ஓசை நின்றது.

“கரண்ட் போச்சா?”

“போச்சு.”

“எவ்ளோ பாக்கி?”

“மூணு பக்கமும்.”

அடுத்த தெருவில், தங்கையின் வீட்டு வாசலில், சாமான்களை ஏற்றும் ஓசை கேட்டது. டெய்லரக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“சக்கரம்,” என்று கூப்பிட்டார்.

எத்தனையோ வருஷங்களாக யாரும் கூப்பிடாத பெயர் அது.

“ஏன், உன் மோட்டார் என்ன பண்ணுது? வேடிக்கை பார்க்குதா?”

“அதுக்கு வேடிக்கை பார்க்கக்கூடத் தெரியாதுடி. வந்து உட்காரேன்.”

“கெஞ்சிக் கேளு.”

“கெஞ்சித்தான் கேக்குறேன்.”

தங்கை ஈரக்கையைத் துடைத்தபடி நிலையைத் தாண்டி வந்தாள். முக்காலியைக் குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு முறை தடவி, விரல் நுனியைப் பார்த்தாள். தூசி இல்லை. உட்கார்ந்து சக்கரத்தில் கை வைத்தாள்.

கைப்பிடி இருந்த காலத்தில் ஒரு சுற்றுக்கு ஊசி மூன்று முறை இறங்கும். இதில் ஒரு சுற்றுக்கு ஒரே தையல். ஊசி ஏறி இறங்க, துணி எறும்பைப் போல நகர்ந்தது. டெய்லரக்காவின் இரண்டு கைகளும் துணியின்மேல் இருந்தன. முதல் மூலை நெருங்கியது. அவர் வாயைத் திறக்குமுன் சக்கரம் நின்றது. ஊசி உள்ளே இருந்தது.

இரண்டாவது பக்கத்தின் நடுவில் மின்விசிறி சுழல ஆரம்பித்தது. டெய்லரக்கா மிதியிலிருந்து காலை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். தங்கை விசிறியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாவது பக்கமும் முடிந்தது. வாசலில் வண்டியின் ஹாரன் ஒலித்தது. இங்கேதான் நிறுத்தி நூலை வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் டெய்லரக்காவின் கைக்கெட்டும் இடத்தில்தான் கிடந்தது. அவர் இரும்புக்காலைத் தூக்கினார், துணியைத் திறந்திருக்க வேண்டிய நாலாவது பக்கத்துக்குத் திருப்பினார், இரும்புக்காலை இறக்கினார்.

தங்கையின் கை சக்கரத்தின்மேல் சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு சுற்றியது.