மலையடிவாரத்தில் வந்த பசி

கார்த்தி, திவ்யா! உங்கள் அப்பா நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனாலும் முருகன் எனக்குச் செய்ததை எழுதி வைக்காமல் இருக்க முடியவில்லை.

உங்கள் அம்மா இறந்து மூன்றாவது மாதம். சோறு தொண்டையில் இறங்கவில்லை. அழுகையும் வரவில்லை. பைக்கை எடுத்தால் பின்சீட்டு காலியாக இருப்பது முதுகில் தெரியும், அதையும் விட்டுவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து உங்கள் அத்தை வந்தாள்.

“அண்ணா, உன்னையே உன்னால பாத்துக்க முடியல. பசங்கள நான் கூட்டிட்டுப் போறேன். அங்க ஸ்கூல்ல பேசிட்டேன்” என்றாள்.

மறுநாள் கிருத்திகை. விடிந்ததும் கார்த்தியின் சைக்கிளில் தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பினேன். ‘முருகா, பிள்ளைகளை என்னோடு வைத்துக்கொள்ளத் தெம்பு கொடு’ என்று வேண்டிக்கொண்டே மிதித்தேன். பம்மல் தாண்டியதும் வேண்டுதல்கூட நின்றுவிட்டது. மூச்சும் காலும்தான் இருந்தன. அனகாபுத்தூர் பக்கம் ஆற்றுக்காற்று அடித்தபோது அழ ஆரம்பித்தேன். சைக்கிளில் போகிறவன் அழுதால் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. குன்றத்தூர் வரை அழுதேன்.

அடிவாரத்திலேயே நின்றுவிட்டேன். பூ விற்கும் அக்கா ஒருத்தி பார்த்தாள்.

“இன்னாண்ணா, இம்மாந்தூரம் மிதிச்சுகினு வந்துட்டு மேல ஏறாம நிக்கிற?”

“வீட்ல துக்கம்க்கா. வருஷம் திரும்பாம மலை ஏறக் கூடாதே.”

“யாரு?”

“என் சம்சாரம்.” அதுவரை அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“கீழ நின்னா அவுருக்குக் கண்ணு தெரியாதா? குந்து. தண்ணி குடி” என்றாள்.

குடித்தேன். அப்போது வயிற்றைக் கிள்ளியது. என்னவென்றே முதலில் புரியவில்லை. பசி, பிள்ளைகளே. எதிர்க்கடையில் இட்லி வாங்கி மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். நான் ஏற முடியாத இடத்திலிருந்து முருகன் இறங்கி வந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து, “பசங்க எங்கயும் வரல” என்றேன். அத்தை என் முகத்தையே பார்த்தாள். “சரிண்ணா. முடியலன்னா போன் பண்ணு.”

இன்றும் வாரம் தவறாமல் சைக்கிள் மிதிக்கிறேன். துக்கம் போகவில்லை; அதோடு நடமாட வலு வந்திருக்கிறது. உங்களுக்கும் தாங்க முடியாத நாள் வந்தால் அவனை நம்பி வெளியே கிளம்புங்கள். மலை ஏறத்தான் வேண்டும் என்றில்லை.

அத்தை ஊருக்குப் போன மதியம், நீங்கள் பள்ளியில் இருந்தீர்கள். ஜன்னல் கம்பியில் மூன்று ரிப்பன்களைக் கட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு, திவ்யாவுக்குச் சடை பின்ன அந்த ரிப்பன்களில் பழகினேன்.