சீனியைப் பார்த்துக்கொண்டவள்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். இது நடந்தது. 2008-ஆம் வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் தொடங்கி ஒரு வாரம், சிவகாசியில் எங்களுக்கு அடுத்த தெருவில் நடந்தது. நடந்தது குருவம்மாளுக்கு. அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொல்ல அவளுக்குப் பொறுமை கிடையாது.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் சரம் பின்னுகிறவள் குருவம்மாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். கம்பெனி வேனில் அவள் ஏறினால் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார், இரண்டும் ஒன்றாகக் கேட்காது என்பதால்.

பேப்பர் வியாபாரம் செய்யும் சம்சு பாய் குடும்பம் குருவம்மாள் தெருவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. முன்னால் அங்கே குடியிருந்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. பாய்க்கு நெஞ்சில் ஆபரேஷன். மெட்ராஸ் போக வேண்டும். மனைவி உம்மு சல்மாவும் மகள் ருமானாவும் கூடப் போகிறார்கள். எல்லாம் சரி, பூனையை என்ன செய்வது? வெள்ளைப் பூனை, பெயர் சீனி, வயிற்றில் குட்டி வேறு. அக்கம்பக்கம் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். ஒன்பது வயசு ருமானா, "சீனிய விட்டுட்டு வரமாட்டேன்" என்று அழுது காய்ச்சலையே வரவழைத்துக்கொண்டாள்.

"சாவியக் குடு தாயி" என்றாள் குருவம்மாள். "காலையில வேலைக்குப் போகயில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி வந்து சோறு வைக்கேன். நீங்க வர்ற அன்னைக்கு இந்தப் பிள்ள கையில முழுசாக் குடுப்பேன். அதுக்கு நான் பொறுப்பு."

தன் வீட்டுக்கே பூனையைக் கொண்டுபோயிருப்பாள். அவள் வீட்டுக்காரர் சோணைமுத்துவுக்குப் பூனை முடி பட்டாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சாவி.

ஞாயிறு ராத்திரி அவர்கள் ரயிலேறினார்கள். திங்கள்கிழமை ஒரு குறையும் இல்லை.

செவ்வாய் சாயங்காலம் ஆறேகால். அந்த வருஷம் கரண்டு ஆறு மணிக்குப் போனால் எட்டுக்குத்தான் வரும். டார்ச் அடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள் குருவம்மாள். பூனைத் தட்டில் சோறு இருந்தது. சாளை மீன் பிசைந்த சோறு. காலையில் அவள் வைத்தது வெறும் பால் சோறு. தொட்டுப் பார்த்தாள்… இளஞ்சூடு. மீன் முள் அத்தனையும் ஒன்று விடாமல் எடுத்துத் தட்டோரம் வரிசையாக வைத்திருந்தது.

வெளியே வந்து பக்கத்து வீட்டில் கேட்டாள். அவர்களிடம் சாவி இல்லை. வீட்டுக்குள் யாரும் போகவும் இல்லை. பின்கதவுப் பூட்டில் துரு அப்படியே இருந்தது.

புதன் காலை ஆறு ஐம்பது. சீனியின் முதுகில் சாம்பல் நிறத்தில் என்னவோ பளபளத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஐந்து விரல். கழுத்திலிருந்து வால்வரை தடவிவிட்ட தடம்.

அந்தப் பளபளப்பு என்னவென்று குருவம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வேலை செய்கிறவர்கள் கையில் அப்பியிருக்கும் அலுமினியப் பொடி. லேசில் போகாது. அவள் சரம் பின்னுகிறவள், அவள் கையில் அது ஒட்ட வழியே இல்லை. யாரோ கம்பெனிக்காரி கள்ளச்சாவி போட்டு உள்ளே வருகிறாள் என்றுதான் நினைத்தாள். அவளுக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்தெடுத்தாள். பூனை கத்தித் தீர்த்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆறு பதினெட்டு. ஹாலில் பூனை அவள் மடியில் கிடந்தது. சமையல்கட்டில் சத்தம்.

"ச்சு… ச்சு… ச்சு…"

பூனை எழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு, சமையல்கட்டுக்கு ஓடியது. குருவம்மாள் பின்னாலேயே ஓடி டார்ச் அடித்தாள். யாரும் இல்லை. பூனை மட்டும் சுவரோரம் ஒன்றுமில்லாத இடத்தில் உடம்பை உரசி உரசி வளைந்துகொண்டிருந்தது, ஒரு காலைச் சுற்றி வருவது போல.

கை காலெல்லாம் சில்லிட்டுப் போயிற்று அவளுக்கு. ஆனால் வாய் சில்லிடவில்லை.

"யாருடி நீ? பூனைக்குச் சோறு வைக்க நான் இருக்கேன். ஒன்னை யாரு கூப்பிட்டா? நாளைக்கும் வந்தேன்னா வெளக்குமாத்தால சாத்திப்புடுவேன்!"

வீட்டுக்கு வந்து சொன்னதும் சோணைமுத்து பயந்துவிட்டார். "சாவியக் கொண்டுபோயி யார்கிட்டயாவது குடுத்துரு. ஒரு பூனைக்காக உசுர விடுவியா?"

"அந்தப் பிள்ள மூஞ்சியில நான் முழிக்க வேணாமா? பூனைய இங்கன தூக்கிட்டு வாரேன். நீரு தும்மிக்கிட்டே கிடயும்."

வியாழன் சாயங்காலம் ஆறு பத்து. மூடி போட்ட கூடையோடு போனாள். கதவை ஒருச்சாய்த்து வைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். பூனையைப் பிடித்துக் கூடைக்குள் போட்டு மூடினாள்.

டக்.

திரும்பினாள். வாசல் கதவு சாத்தியிருந்தது. மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்பக்கம்.

எக்கி இழுத்தாள். அசையவில்லை. தாழ்ப்பாள் தண்ணீரில் கிடந்தது போலக் குளிர்ந்திருந்தது.

மணி ஆறு இருபத்திரண்டு.

காதோரம் யாரோ மூச்சுவிட்டார்கள். கந்தக வாடை…

கூடை கனத்தது. யாரோ மறுபக்கம் பிடித்து இழுத்தார்கள்.

அவளும் இழுத்தாள்.

"விடுடி."

விடவில்லை.

குருவம்மாள் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். கூடையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"பூட்டு. நல்லாப் பூட்டு. விடிய விடிய இங்கனதான் இருப்பேன். ஒனக்கு வாய் இருக்கோ இல்லையோ, எனக்கு இருக்கு!"

ஆரம்பித்தாள் பாருங்கள்… நடுங்கிக்கொண்டே திட்டினாள். அழுதுகொண்டே திட்டினாள். எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொன்னாள். தொண்டை வறண்டு குரல் கம்மியது, நிறுத்தவில்லை. கூடை இரண்டு தடவை அந்தரத்தில் எழும்பியது. மேலே விழுந்து அமுக்கினாள்.

ஏழு மணி.

டக்.

தாழ்ப்பாள் இறங்கியது. கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உம்மு சல்மாவும் ருமானாவும் ரயிலடியிலிருந்து நேராகக் குருவம்மாள் வீட்டுக்கே வந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பாய் ஆஸ்பத்திரியில் தேறிக்கொண்டிருந்தார், பாயின் அண்ணன் கூட இருந்தார்.

சல்மா குருவம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க போன்ல பேசினதுலதான் இவ ரெண்டு வாய் சாப்பிட்டா. தெனம் ஏழு பத்துக்கு எப்படா போன் போடுவோம்னு நிப்பா."

"எந்தப் போனு?"

"எங்க வீட்டுப் போன்தான். நீங்கதான எடுத்தீக?"

"நான் ஆறரைக்கே பூட்டிட்டு வந்துருவேன் தாயி. வியாழக்கெழமை ஒருநாள்தான் ஏழு ஆச்சு. அந்தப் போனை நான் தொட்டதே இல்ல."

சல்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "தொண்ட கட்டுன மாதிரி இருந்துச்சு… தூசின்னு நெனச்சேன்…"

"என்ன சொன்னா?"

"புதன்கெழமை… 'எவளோ ஒருத்தி சாவி வச்சுக்கிட்டு உள்ள வாரா, பூனை மேல எண்ணெயத் தேச்சு அழ வைக்கிறா'ன்னு…"

"நீ என்ன சொன்ன?"

"திருடின்னு நெனச்சு… 'மறுபடி வந்தா வெளிய விடாதீக, தாழ்ப்பாளப் போட்டுருங்க'ன்னேன்."

"வியாழக்கெழமை?"

"'பூனையத் தூக்கிட்டுப் போயிட்டா, நான் அவ வீட்டுக்குப் போயி அதுகூட இருக்கட்டா'ன்னு கேட்டாக. எவ வீடுன்னுகூடக் கேக்காம 'நாங்க வர்ற வரைக்கும் அதை விட்டுப் பிரியாதீக'ன்னு சொல்லிட்டேன் அக்கா…" சல்மா அழுதாள். "வெள்ளி, சனி ரெண்டு நாளும் போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. யாருமே எடுக்கல."

அந்த இரண்டு நாளும் சீனி குருவம்மாள் வைத்த சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் வயிறு நிறைந்துதான் கிடந்தது. எலி பிடித்துத் தின்கிறது என்று நினைத்திருந்தாள்.

குருவம்மாள் உள்ளே போனாள். பூனையைத் தூக்கிவந்து ருமானாவிடம் கொடுத்தாள். சல்மாவைப் பார்த்து, "வந்துட்டீகள்ல? இங்கன நின்னே அவகிட்ட சொல்லு" என்றாள்.

சல்மா வீட்டுக்குள் பார்த்துச் சொன்னாள். "நாங்க வந்துட்டோம்… நீங்க போங்க."

எதுவும் நடக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

ருமானா இரண்டு கையாலும் பூனையை வயிற்றுக்கடியில் தாங்கிப் பிடித்திருந்தாள். பூனை கண்ணைச் சொருகிக் கழுத்தை நீட்டியது. அதன் கழுத்து முடி மெல்ல அமுங்கியது. அமுங்கிய தடம் முதுகு வழியாக வால்வரை போயிற்று. மறுபடி கழுத்தில் அமுங்கியது.

பட்டப்பகல். மூன்று பேரும் பார்த்தார்கள்.

"தடவிக்கோடி" என்றாள் குருவம்மாள். "அந்தப் பிள்ள மேல மட்டும் ஒன் கை பட்டுச்சு… நான் வெளக்குமாத்தோட அந்த வீட்டுக்கே வந்து நிப்பேன்."