கண்ணுக்குத் தெரிந்த சிவப்பு

ஆண்ட்வெர்ப்பில் எங்கள் மிட்டாய்க் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக, யூத உணவு விதி தவறாமல் மேற்பார்வை பார்ப்பவர் நாஃப்தாலி. எங்கள் மதகுரு ரப்பி நியமித்த ஆள். அடுப்பறைச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்; அவர் கையெழுத்து இல்லாத பொட்டலத்தை எங்கள் ஜனம் தொடாது. டீக்கு நான் கொண்டுவரும் பாலின் லேபிளைக்கூட இரண்டு தடவை படிப்பார். பொட்டலம் கட்டும் எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

பூரிம் பண்டிகைக்கு முந்தின நாள் மதியம், காலி டப்பாவோடு வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ப்ரைண்டெல், லாரி போயிடுச்சா?"

"இல்ல, ஏத்திக்கிட்டிருக்காங்க. ஏன்?"

"எல்லாத்தையும் இறக்கச் சொல்லு."

எப்போதும் எங்களுக்கு வருவது பீட்ரூட் சாயம். இந்தத் தடவை அதே டப்பா, அதே பெயர், ஓரத்தில் மட்டும் வேறு எண். பூச்சியைக் காயவைத்து அரைத்த சிவப்பு; பூச்சி எங்களுக்கு விலக்கு. பண்டிகை அவசரத்தில் மனுஷன் பெயரை மட்டும் பார்த்திருக்கிறார்.

முதலாளி லாசர் ஓடி வந்தார். "ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல, நாஃப்தாலி! விலக்கானது அறுபதுல ஒண்ணுக்குக் கீழ போனா இல்லாத மாதிரின்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சொல்வேன். ஆனா இத நிறத்துக்குன்னே போட்டோம். கண்ணுக்குத் தெரியுறத எப்படி இல்லேன்னு சொல்றது?"

"அப்போ அனுப்பினவன் ஏமாத்திட்டான்னு ரப்பிகிட்ட சொல்லுங்க. உங்க வேலையாவது மிஞ்சும்."

நாஃப்தாலி ரப்பிக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னார். அறுபத்தொரு வயதில் இவரை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்?

"டப்பாவை யாரு பார்த்தது?" என்றார் ரப்பி.

வேண்டாம், வேண்டாம் என்று லாசர் கையை ஆட்டினார்.

"நான்தான். எண்ணைப் பார்க்கல. என் தப்பு." சாவியைக் கழற்றி ஃபோன் பக்கத்தில் வைத்தார். "சாவியை லாசர்கிட்ட குடுத்துடவா?"

ஏதாவது சொல்லித் தொலையேன் என்று ரப்பியையே மனதுக்குள் திட்டினேன்.

"அவருகிட்ட எதுக்கு? நீயே வச்சுக்கோ. விதிப்படி, மிட்டாய் காய்ச்சின அண்டாவை நாளைக்கு முழுக்க யாரும் தொடக் கூடாது. அதுக்கு மறுநாள் தண்ணி கொதிக்க வை, அண்டாவைச் சுத்தப்படுத்த நான் வர்றேன்."

நாஃப்தாலி சாவியை இடுப்பில் இரண்டு தடவை மாட்டப் பார்த்தார்; கொக்கியில் விழவில்லை. எங்கள் வழக்கப்படி ஒரு பெண் அந்நிய ஆணைத் தொடக் கூடாது. லாசரை முறைத்தேன். அவர்தான் குனிந்து மாட்டிவிட்டார்.