திருப்பதி பஸ் நிற்கும் இடம்

என் கோழிக் கிறுக்கலையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம்.

போன வருடம் ஆனியில் என் மனைவி காய்ச்சலில் இறந்தாள். என் அக்கா, என் ஏழு வயது மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், "உங்கம்மா திருப்பதிக்குப் போயிருக்குது" என்று சொல்லிவிட்டாள். அதன்பின் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளி விட்டதும் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, திருப்பதி பஸ்ஸில் இறங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரே பூக்காவடியோடு உள்ளூர் மலைக்கோயிலுக்கு ஏறியது. பஸ் நிலையத்துக்கு மகளைத் தேடிப்போன என்னைக் கேட்டாள்: "நாம ஏன் நைனா போவல?"

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் மலை ஏற மாட்டோம். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

"அம்மா செத்துப்போச்சு கண்ணு. இனிமே வராது. அதான் போவல."

"அத்தை பொய் சொல்லுச்சா?" என்று கேட்டுவிட்டுக் கதறினாள். அத்தனை கூட்டத்தில் நானும் அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது. நீயும் துண்ணு நைனா" என்றாள்.

இந்த வருடம் இருவரும் காவடி எடுத்தோம். "இன்னா நைனா, வாய்க்குள்ளயே முனகிகினு கீற? கத்து!" என்று அதட்டினாள். மலை அதிரக் கத்தினேன்: "அரோகரா!"

சின்னப் பிள்ளைக்குத் துக்கம் தெரியாது என்பார்கள். தெரியும். அழுவதற்கு ஒரு துணைதான் வேண்டும்; எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

எழுதிய நாள்: ஆடிக் கிருத்திகை, மலை இறங்கிய சாயங்காலம்.