படிச்சு முடியாத ரீச்சரும் என்ர கன்ரீனும்

பள்ளிக்கூடக் கன்ரீன் நடத்துறவைக்கு எண்ணெய் தெறிச்ச காயம் ஆறிப்போகும், கூட்டம் நெருங்கிற காலத்துச் சந்தேகம் மட்டும் ஆறாது. வருசா வருசம் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலதான் அடுத்த வருசம் கன்ரீன் ஆருக்கு எண்டு முடிவெடுக்கிறவை. என்னைப்போல இந்தப் பாடு படுற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கூட்டம் முடியுமட்டும் ஆரும் சிரிச்சால், ஏன் சிரிக்கினம் எண்டு பார்க்கவேண்டி இருக்கும். துறைமுகத்தடிப் பள்ளிக்கூடத்தில நான் அடுப்பு மூட்டத் தொடங்கினது என்ர மனுசன் செத்த பிறகு. எனக்கு வேற தொழில் தெரியாது. போன வருசம் எனக்கு நித்திரை இல்லாமல் செய்தது சுகந்தினி ரீச்சர்.

பட்டம் எடுத்த விருந்து

சுகந்தினி ரீச்சர் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவ. வேலைக்கும் வந்து, சனி ஞாயிறில கம்பஸுக்கும் ஓடி, கல்வி முதுமாணிப் பட்டம் எடுத்திட்டா. அந்தச் சந்தோசத்துக்கு ஆசிரியர் எல்லாருக்கும் என்னட்டைத்தான் பற்றீஸும் கேக்கும் சொன்னவ. நான் தட்டுக் கொண்டு போகேக்க எல்லாரும் அவவைச் சுத்தி நிண்டு, "இனி ரீச்சர் கல்விக் கந்தோருக்குப் போயிடுவா, இனி எங்களை மேற்பார்வை பார்க்க வருவா" எண்டு பகிடி விட்டுக்கொண்டு நிண்டவை.

"நான் எங்கையும் போகேல்லை. இனித்தான் எனக்குப் படிக்க இருக்கு" எண்டு அவ சொன்னா. ஒருத்தரும் சிரிக்கேல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற பரீத் சேர், குறிஞ்சாக்கேணியில இருந்து பஸ்ஸில வாற மனுசன், பற்றீஸோட என்னட்டை ஒதுங்கி வந்தார். "பாத்தீங்களா அக்கா, படிச்சு முடிச்ச ஆள் மாற்றம் கேக்கும், சம்பளம் கேக்கும், அது எனக்கு விளங்குது. முடிச்ச பிறகும் படிக்கப் போறன் எண்டு சொல்ற ஆள்தான் எனக்குப் பயம்."

ஜன்னலடிக் கதிரை

அடுத்த திங்கட்கிழமை இன்ரவல் மணி அடிக்க, ரீச்சர் ஓய்வறைக்குப் போகாமல் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து கன்ரீன் ஜன்னலடியில இருந்தா. ஒரு தேத்தண்ணி வாங்கினா. குடிக்கேல்லை. பிள்ளையள் நெரிபட்டு நிண்டு வாங்கிறதை வைச்ச கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு இருந்தா. செவ்வாயும் வந்தா. புதனும் வந்தா.

கன்ரீனைச் சோதிக்கத்தான் வாறா எண்டு எனக்குப் பட்டுது. எண்ணெய்ப் பலகாரம் குறைக்கச் சொல்லி, சீனித் தண்ணி விக்காதே எண்டு சொல்லி மேலிடத்துக் கடிதங்கள் வாறது உங்களுக்குத் தெரியும்தானே. சோடாப் போத்தல் முழுக்க அலுமாரிக்குள்ள போச்சுது. அவிச்ச கடலையையும் வாழைப்பழத்தையும் முன்னுக்கு அடுக்கினன். எண்ணெயில பொரிக்கிற ரோல்ஸ் போடவே இல்லை. அண்டைக்கு, ஊருக்குள்ள திரியிற மானில ரெண்டு பின்பக்கத்தால வந்து மிச்சக் கடலையைத் திண்டு கொழுத்துப் போச்சுதுகள். வியாழக்கிழமை ரீச்சரே கேட்டா, "என்னக்கா, ரோல்ஸ் இல்லையே?" எண்டு. பிழை பிடிக்கத்தான் கேக்கிறா எண்டு நினைச்சு, "இங்க ரோல்ஸ் போடுறேல்லையே" எண்டு ஒரு பச்சைப் பொய் சொன்னன். உள்ளுக்க தேங்காய் திருவிக்கொண்டிருந்த என்ர மச்சாள் சரசு காதுக்குள்ள வந்து சொன்னா: "சும்மா தேத்தண்ணி குடிக்க ஆர் மச்சாள் கதிரை காவிக்கொண்டு வருவினம்?"

எங்கட பக்கம் நிண்டவர்

சங்கத்தில ஒரு பேக்கரிக்காரர் இருக்கிறார். அவற்ற மச்சான் பாலையூற்றில சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிறவர், ரெண்டு வருசமா எங்கட கன்ரீனில கண். ஒரு நாள் பேக்கரிக்காரர் வந்து, வடையைச் சப்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அந்த ரீச்சர் உங்களைப் பற்றி அறிக்கை எழுதுறாவாம். படிச்சவ எழுதினால் கூட்டத்தில ஒருத்தரும் மறுத்துக் கதைக்க ஏலாது."

"ஆர் சொன்னது?" எண்டு கேட்டன்.  அவற்ற கண் என்ர குசினியை அளந்துகொண்டு இருந்தது. அடுப்படி, தண்ணிப் பைப், பிறகு மூலை. போகேக்க தோளைத் தட்டிச் சொன்னார்: "நான் உங்கட பக்கம்தான் அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஆனா இந்த மூலையில ஒரு பிரிஜ் வைச்சால் நல்லா இருக்கும், மச்சானும் அப்பிடித்தான் சொன்னவர்."

சீலை போட்ட நாள்

பிறகு ஒரு நாள் ரீச்சர் நேர உள்ளுக்க வந்திட்டா. "அக்கா, இண்டைக்கு நான் குடுக்கட்டே?" வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஒரு வெள்ளைச் சீலைத் துணியால தட்டு எல்லாத்தையும் மூடினா. "இங்க இலையான் மொய்க்கிறேல்லை ரீச்சர்" எண்டன், கொஞ்சம் சூடாத்தான். "இலையானுக்கு இல்லை அக்கா, பொறுங்கோ" எண்டா.

எங்கட கன்ரீனில பிள்ளையள் வாங்கிறது எப்பிடி எண்டால், கையை நீட்டி விரலால காட்டுங்கள், நாங்கள் எடுத்துக் குடுப்பம். சாப்பாட்டுப் பேரையும் விலையையும் சரசு காலமை பலகையில எழுதுறது சும்மா வழக்கத்துக்கு. அண்டைக்குத் தட்டு மூடிக் கிடக்க, "பலகையைப் பார்த்துச் சொல்லுங்கோ" எண்டா ரீச்சர். சில பிள்ளையள் டக்கெண்டு சொல்லிச்சுதுகள். சிலது முன்னுக்கு நிண்ட பிள்ளை கேட்டதையே கேட்டுதுகள். நாலைஞ்சு பேர் பசியோட பேசாமல் வரிசையை விட்டுப் போகப் பார்த்ததுகள். ஒவ்வொரு நாளும் மீன் பணிஸ் வாங்கிற ஒரு பெட்டை, முன்னுக்கு நிண்டவள் கேட்டாள் எண்டு கடலையைக் கேட்டு வாங்கி, அதைக் கையில வைச்சுக்கொண்டு அழுகிற மாதிரி நிண்டாள்.

ரீச்சர் அவளுக்குப் பணிஸைக் குடுத்திட்டு என்னைப் பார்த்தா. முகம் வெளிறிக் கிடந்தது. "அக்கா, வாசிப்பைப் பற்றித்தான் நான் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தனான். வகுப்பில எல்லாரும் சேர்ந்து சத்தமா வாசிக்கேக்க இதுகளும் வாயசைச்சதுகள். இதுகளுக்கு வாசிக்கத் தெரியாது எண்டு எனக்குத் தெரியேல்லை." எனக்கு இரக்கமாத்தான் இருந்தது, ஆனாலும் இதை ஏன் எனக்குச் சொல்லுறா எண்டு மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதுக்குள்ள ஏழாம் வகுப்பு உயரமான பெடியன் ஒருத்தன் எட்டிப் பார்த்துக் கத்தினான்: "சீலையை எடுங்கோ ரீச்சர், எங்களுக்குப் பலகை வேண்டாம், விரல் இருக்கு!"

சரசுவின்ர பலகை

அடுத்த கிழமையில இருந்து அந்த நாலைஞ்சு பிள்ளையளும் மணி அடிக்க முந்தியே கன்ரீனுக்கு வரத் தொடங்கிச்சுதுகள். ரீச்சர் பக்கத்தில நிக்க, பலகை எழுதுறது அதுகள்தான். சரசுவுக்கு அந்த வேலை போச்சுது. நாள் முழுக்க மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிஞ்சா. "இண்டைக்குப் பலகை, நாளைக்குக் கரண்டி, நாளையிண்டைக்கு எங்கட கன்ரீன். நீங்கள் பார்த்துக்கொண்டு நில்லுங்கோ மச்சாள்."

கூட்டம்

கூட்டத்தண்டு மண்டபம் நிறைஞ்ச சனம். பேக்கரிக்காரர் எழும்பி, கன்ரீனில எண்ணெய்ச் சாமான் கூட எண்டும், பாலையூற்றில நல்ல ஒரு ஆள் ஆயத்தமா இருக்கிறார் எண்டும் சொன்னார். "நான் சொல்லேல்லை, பட்டம் எடுத்த ரீச்சரே மாசக் கணக்கா ஆராய்ஞ்சிருக்கிறா, அவவைக் கேளுங்கோ" எண்டு இருந்தார்.  சரசு என்ர கையைப் பிடிச்சா.

ரீச்சர் எழும்பினா. "எண்ணெய் கூடத்தான். ரோல்ஸும் போடுறவை, எனக்கு இல்லை எண்டு சொன்னவை" எண்டா. சனம் சிரிச்சுது. எனக்கு அந்த இடத்திலயே ஒளிக்கவேணும் போல இருந்தது. "அதுகளை அக்கா குறைக்கட்டும். ஆனா காலமை வந்து பலகை எழுதுற பிள்ளையளை அடுப்பு வேலைக்கு நடுவில கலைக்காமல் விட்டது இவதான். நான் வகுப்பில காணாததை அந்த ஜன்னலடியில கண்டனான். பட்டத்துக்குப் பிறகு நான் படிக்க வேண்டியது அங்கதான் இருக்கு. இவவையே வையுங்கோ." பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்தார்.

அதிபர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு, "அப்ப எப்ப ரீச்சர் படிச்சு முடிப்பீங்கள்?" எண்டு கேட்டார். அவ யோசிச்சுத்தான் சொன்னா: "வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை எனக்கு ஒளிச்சு நிக்குமட்டும் முடியாது சேர், அதுவரைக்கும் அக்கா இருக்கட்டும்."

கன்ரீன் இந்த வருசமும் எனக்கே கிடைச்சுது. ஆக, ஊரில எல்லாரும் தங்கட பிள்ளையள் கெதியாப் படிச்சு முடிக்கவேணும் எண்டு காளியம்மனுக்கு நேர்த்தி வைக்க, நான் மட்டும் ஒரு ரீச்சர் ஆறுதலாப் படிக்கட்டும் எண்டு கும்பிட்டுக்கொண்டு, கூட்டத்துக்குப் பிறகு அவ என்னைப் பார்த்துச் சிரிச்சது ஏன் எண்டு இன்னும் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்.