சாயத்தைத் தின்னும் பூஞ்சைக்குக் காவல்

என் அக்கா யமுனாவின் கணவர் பூபதி மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டுக்காரர். மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டிக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் வேலை. மிளகு பறிப்புக்கு வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடுவதாக அக்காவிடம் சொல்லியிருந்தார்.

அவரைப் பிடித்து வைத்திருந்தது ஒரு வெள்ளைப் பூஞ்சை. மலையில் அக்காவின் மிளகுக் காட்டில் மட்கிக் கிடந்த பலாக்கட்டையில் முளைத்தது. அதில் சுரக்கும் நொதி, மரத்தைப் போலவே சாயத்தையும் உடைக்கும் என்று கல்லூரியில் படித்துவிட்டுப் பட்டறை முதலாளி சென்னியப்பனிடம் சொன்னவன் நான். மாவெடுத்துப் பிழிந்த மரவள்ளித் திப்பியும் மரத்தூளும் அடைத்த மூட்டைகளில் அதை வளர்த்து, சாயத்தண்ணீரை அதன் வழியாகக் கசியவிட்டோம். சிவப்பாக உள்ளே போனது வெளிர் மஞ்சளாக வெளியே வந்தது. முழுக்கச் சுத்தமா என்று கேட்டால் எனக்கே தெரியாது. மூட்டைகளைக் காயாமலும் அழுகாமலும் பார்ப்பது மாமாவின் வேலை. ஒரு நாள் லீவு கேட்டாலும், "பூஞ்சைய யாரு பாக்குறது?" என்பார் முதலாளி.

பட்டறையில் வேலை செய்யும் சுகுணாவைத் தனக்குப் பதிலாகப் பழக்கினார் மாமா. கிளம்ப இருந்த வாரத்தில் மூட்டைகளில் ஈ மொய்த்தது. அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று கொட்டகையை அடைத்து வேப்பந்தழைப் புகை போட்டார். மலையில் விதைத் தினையை அடுப்புப் புகையில்தான் காப்பாற்றுவோம். "விதைக்கு ஆகுற பொகை இதுக்கு ஆகாதா மாப்ளே?" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

ஈ செத்தது. பூஞ்சையும் பழுப்பாகிச் சுருண்டது. தண்ணீர் சிவப்பாகவே வந்தது.

முதலாளி கோபப்படவில்லை. "மலைக்குப் போவோணும் போவோணும்னியே பூபதி, போய்ட்டு வா. புதுசா பூஞ்சைய வெட்டிக்கிட்டு சாயங்கால பஸ்ஸுக்கு வந்துரு. அது வளர்ற வரைக்கும் தண்ணி ஓடைக்குத்தான் போகும்."

ஓடையை ஒட்டி ராசாமணி என்ற விவசாயியின் கிணறு இருக்கிறது.

நானும் மாமாவும் மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். அக்கா மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் கையில் கத்தியையும் சாக்கையும் பார்த்தாள்.

"வந்தது என்னையப் பாக்கவா, கட்டையப் பாக்கவா?"

"கட்டையத்தான். அது எதுத்துப் பேசாது."

சிரித்தாள். பிறகு, "இருந்துருங்களேன். அந்தாளு வேற வழி பாக்கட்டும்" என்றாள்.

"அவருக்குத் தெரிஞ்ச வழி ஓடைதான் கண்ணு. ராசாமணி ஊட்டுல அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க."

அக்கா ஏணியிலிருந்து இறங்கவில்லை. மாமா பூஞ்சை பிடித்த பட்டைகளைச் செதுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்றார். மேலே மிளகு உருவும் சத்தம் மட்டும் கேட்டது.

மலை இறங்குகிற பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்து, வெயில் படாமல் துண்டைப் போர்த்தினார். அவரிடம் வேலையை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொடர்ந்து வேலைக்குப் போகச் சொல்லவும் வரவில்லை.

"பழையபடி வேர் புடிக்க எத்தனை நாளாகும் மாப்ளே?"

பூஞ்சைக்கு வேர் கிடையாது என்று திருத்த நினைத்தேன்.

"அதுக்குள்ள மிளகு பறிப்பு முடிஞ்சிரும் மாமா" என்றேன்.