குக்கரில் வெந்த சாக்லேட்

தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டுக் கதவைத் திறப்பதற்கே பயம். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அந்த வாரம்தான் மாடிப்படியில் பரிசுப் பெட்டிகள் ஏறி வரும். அப்பா அரசாங்கக் கட்டடங்களில் காண்டிராக்டர்கள் செய்யும் பழுதுவேலை பில்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். "ஒரு சாக்லேட்ட வாங்கினாலும் என் வேலை போயிரும், தெரிஞ்சிக்கோ" என்று சொல்லி வைத்திருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பேச்சுக்குச் சொன்னதாகத் தோன்றுமா? சாக்லேட் வந்தால் போலீசும் வரும் என்றே நம்பினேன்.

அந்த வருடம் அம்மாவின் தம்பி, என் மாமா, வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே இந்தி 'அச்சா'. அம்மா மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போயிருந்த மத்தியானம், காண்டிராக்டரின் ஆள் வாசலில் நின்று ஏதோ கேட்டிருக்கிறான். மாமா அச்சா என்றிருக்கிறார். பெட்டி உள்ளே வந்துவிட்டது.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மாமா கட்டிலில் சப்பணம் போட்டுத் தின்றுகொண்டிருந்தார். பெரிய பெரிய வெளிநாட்டு சாக்லேட் கட்டிகள். பாதி காலி. நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. பிரித்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

"அழாதட்டி. மிச்சத்த பிஸ்கட்டாக்கிருவோம். வீட்டுப் பண்டம்னா யாரு கேக்கப்போறா?"

ஊரில் கொஞ்ச காலம் பேக்கரியில் நின்றவர் அவர். குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுச் சூடேற்றினார். சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, மைதா, வெண்ணெய், சர்க்கரையோடு பிசைந்து தட்டித் தட்டி உள்ளே வைத்தார். மணம் கிளம்பியதும் ஜன்னலுக்கு ஓடினேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். மூடினால் வீட்டுக்குள்ளேயே நிற்கும். படியில் யார் ஏறினாலும் எனக்குப் போலீஸ்தான். மாமாவும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசி ஈட்டைக் கருகவிட்டார்.

அம்மா வந்தாள், மோந்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கீழே அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம். நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன்.

அப்பா செருப்பைக் கழற்றினார். தட்டைப் பார்த்தார், கட்டிலில் கிடந்த காண்டிராக்டரின் தீபாவளி வாழ்த்து அட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"மாப்ளே, பெட்டி எங்க?"

"அத்தான், அது... பிஸ்கட்டாயிட்டு."

அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. "எல்லாத்தையும் டப்பாவுல அடை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற வழியில் அப்பா கடையில் சாக்லேட் வாங்கினார். மாமா தின்றுவிட்டதற்கு ஈடு அது. பிறகு காண்டிராக்டரின் ஆபீஸ் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினார். போலீசிடம் ஒப்படைக்கத்தான் போகிறார் என்று நான் அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே போய் அவர் மேசைமேல் டப்பாவையும் சாக்லேட்டையும் வைத்து, "உங்க சாமான்தான், பாயி சாப். எங்க வீட்ல பாதி பிஸ்கட்டாயிடுச்சு" என்று இந்தியில் சொன்னார். காண்டிராக்டர் முதலில் சிரித்தார். டப்பாவைத் திறந்து ஒன்றைக் கடித்தார். அப்பா சிரிக்காமல் நின்றதைப் பார்த்து மெல்வதை நிறுத்திவிட்டார்.

கோடை லீவுக்கு முன்பே அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கௌஹாத்திக்கு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே அழுதாள். நான் ஓரமாக உட்கார்ந்து யோசித்தேன், எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. காண்டிராக்டர் கடித்தது கருகிய பிஸ்கட்.

மாமாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "நீங்க கருக்கிட்டீங்க. அதான் அவருக்குக் கோவம். அதான் அப்பாவ அனுப்புறாங்க."

எதற்கும் கேலி பேசுகிற மாமா அன்று சிரிக்கவில்லை. குக்கரைச் சாக்குக்குள் திணித்துக்கொண்டே, "ஆமாட்டி, நான் கருக்கினதாலதான்" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த தடவை நல்லபடியாகச் சுட்டுக் கொடுத்தால் அப்பாவைத் திரும்ப டெல்லிக்கே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.